அவருக்கென்று போட்ட நாற்காலி

சூப்பர்வைசர் ஜெபக் கூட்டத்துக்கு வரப்போகிறான் என்று கேட்டதும் தையற்காரி சிரித்தாள். புருஷன் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நாத்தனார் பார்த்ததில்லை.

“என்ன அண்ணி, சிரிப்பே சரியில்லையே?”

“வரட்டும். இந்த வாரம் நம்ம வீட்டு முறைதானே? நல்லா வரட்டும்.”

அந்தக் கூட்டத்துக்கென்று கட்டடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு வீடாகச் சுற்றி வரும். முறை வந்த வீட்டில் இருப்பதிலேயே நல்ல நாற்காலியை நடுவில் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, காலியாக விட்டுவிடுவார்கள். கடவுள் மனிதர்களோடு வந்து குடியிருப்பார் என்று நம்புகிறவர்கள், வருகிறவருக்கு உட்கார இடம் வைக்க வேண்டாமா? அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. ஒருமுறை பேக்கரிக்காரர் மறந்துபோய்த் தொப்பியை அதன்மேல் வைத்துவிட்டு, வெகுநாள் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு பஸ் டிரைவர். நல்ல மனுஷன், குரலும் நல்ல குரல். அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் வரப்போகும் நகரத்தில் போய்த்தான் நிற்கும். அங்கே தெருவெல்லாம் தங்கம், கடவுள் ஜனங்களோடு ஒரே தெருவில் இருப்பார், சாவு இருக்காது, அழுகை இருக்காது, வாசல்களை யாரும் பூட்டவே மாட்டார்கள். மற்றவர்கள் தங்கத் தெருவை நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். தையற்காரிக்குத் தங்கம் வேண்டாம். பூட்டாத வாசல் ஒன்று போதும்.

அவள் புருஷன் பூட்டிய கதவுக்குப் பின்னால் வெந்து செத்தவன். மெத்தைத் தொழிற்சாலையில் ஸ்பாஞ்ச் வெட்டும் அறை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் தீப்பிடித்தது. விசாரணையில் சூப்பர்வைசர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: குடித்துவிட்டு, உள்ளே பூட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். ஊர் அதை அப்படியே விழுங்கியது. கூட்டமும் விழுங்கியது. வருஷா வருஷம் நினைவு நாள் ஜெபத்தில் டிரைவர் குரலைத் தணித்துக்கொண்டு, “எங்க சகோதரனோட பலவீனத்தை மன்னியும்” என்பார். இருமலுக்குச் சாராயம் கலந்த மருந்து கொடுத்தால்கூடத் துப்பிவிடுகிறவனுக்காக அந்த ஜெபம். ஒவ்வொரு முறையும் தையற்காரி பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னாள்.

இப்போது சூப்பர்வைசருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடவுளைக் கண்டுகொண்டானாம். டிரைவர்தான் போய்ப் பார்த்து, பேசி, அழைத்து வருகிறார். அப்படியானால் பூட்டாத வாசல் வழியாக இவனும் உள்ளே வந்துவிடுவான். இந்தக் கணக்குத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறு மதியமே வேலையைத் தொடங்கினாள். தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளினாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“ஏன் அண்ணி? அப்புறம் அந்த சூப்பர்வைசர் எங்க உட்காருவார்?” என்றாள் நாத்தனார்.

“உட்கார வேண்டாம். நிக்கட்டும். உங்க அண்ணன் நின்ன மாதிரி. எல்லாரும் வந்ததும் கதவைப் பூட்டப்போறேன். சாவி என் கையில இருக்கும். அதுக்கப்புறம் கேக்கிறேன், எப்படி இருக்குன்னு.”

நாத்தனார் வாயைத் திறந்தாள். செத்தவன் அவளுக்கும் அண்ணன். வாயை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் வந்தார்கள். பேக்கரிக்காரர் வழக்கம்போல் மூச்சு வாங்கிக்கொண்டே நுழைந்து, “மாடியில வீடு பிடிச்சவங்களுக்குப் பரலோகம் பக்கம்தான்” என்று சொல்லிப் பொத்தென்று உட்கார்ந்தார். கடைசியாக டிரைவரின் தோளைப் பிடித்தபடி சூப்பர்வைசர். தொழிற்சாலையில் நடந்தால் தரை அதிரும் என்பார்கள். இப்போது வலது காலை மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு வந்தான். டிரைவர் அவனை விட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். தையற்காரி கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கினாள். திரும்பினாள்.

நாற்காலியில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தான். அந்த நாற்காலியில்.

பாவம், அவனுக்கு யார் சொன்னார்கள்? நிற்க முடியவில்லை, ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டான்.

“ஐயா, ஐயா! அதுல உட்காரக் கூடாது!” டிரைவர் எழுந்தே விட்டார்.

“ஏன், கால் ஆடுதா?” என்று குனிந்து பார்த்தான் சூப்பர்வைசர்.

பேக்கரிக்காரருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. “அது ஆண்டவருக்குப் போட்டதுங்க. நான் தொப்பி வெச்சதுக்கே என்னை உரிச்சுட்டாங்க.”

சூப்பர்வைசரின் முகம் வெளுத்தது. கைப்பிடியை அழுத்தி எழப் பார்த்தான். கால் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினான். வெள்ளைத் துணி நழுவி அவன் மடியில் சுருண்டது. டிரைவர் தூக்கிவிட வந்தார்.

“தொடாதீங்க அண்ணா” என்றாள் தையற்காரி.

நிற்க வைக்கத்தான் இத்தனையும் செய்தாள். அவன் என்னவென்றால் வீட்டிலேயே நல்ல இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கணம் கத்தரிக்கோல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூட நினைத்தாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்தாள். விசாரணை அறையில் கால்மேல் கால் போட்டுப் பேசியவனுக்கு இப்போது உதடு நடுங்கியது. நடுங்கியது அவளைப் பார்த்து அல்ல. உட்கார்ந்திருக்கும் இடத்தை நினைத்து. இந்தப் பயல் நிஜமாகவே நம்புகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கத்தரிக்கோல் தேவைப்படவில்லை.

“எழுந்திருக்காதீங்க. அங்கேயே இருந்து பதில் சொல்லுங்க. அந்த இடத்துல உட்கார்ந்து பொய் சொல்ல முடியுமான்னு பாக்கிறேன். அன்னிக்கு யார் கதவைப் பூட்டினது?”

“அம்மா, இது கூட்டம்…” என்றார் டிரைவர்.

“கூட்டத்துக்குத்தான் கேக்கிறேன். யார் பூட்டினது?”

சூப்பர்வைசர் மடியில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தான்.

“நான்தான்” என்றான் சூப்பர்வைசர். “வெளியில இருந்து. சாமான் திருட்டுப் போகுதுன்னு முதலாளி பூட்டச் சொல்லியிருந்தார்.”

“சாவி?”

“என் பையில. வெளியில டீ குடிச்சுட்டிருந்தேன். கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. வேலையை விட்டுட்டு ஓடப் பாக்கிறான்னு நினைச்சு… டீயைக் குடிச்சு முடிச்சேன்.”

நாத்தனார் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“அவர் குடிச்சிருந்தாரா?”

“இல்ல. அது நான் கட்டின கதை.”

“சத்தமா.”

“அவர் குடிக்கல. நான் பொய் சொன்னேன்.”

தையற்காரி டிரைவர் பக்கம் திரும்பினாள். “காதுல விழுந்துச்சா அண்ணா? யாரோட பலவீனத்துக்கு இத்தனை வருஷம் மன்னிப்புக் கேட்டீங்க?”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். “தப்புதாம்மா. எங்க எல்லார் மேலயும் தப்பு.” பிறகு, பழக்க தோஷம், விட முடியவில்லை. “ஆனா ஒரு நாள் வரும்மா. அவரே வந்து நம்மகூட இருப்பார். கண்ணீரையெல்லாம் துடைப்பார். அதை நினைச்சு இவரை மன்னிச்சு…”

“அவர் வரட்டும். வந்து அவர் கையால துடைக்கட்டும். வேற யாரும் துடைக்க வேண்டாம். அதுவரைக்கும் இந்தக் கண்ணீர் எனக்கு வேணும். அவர்கிட்ட காட்டணும்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை.

“நாளைக்கு லேபர் ஆபீஸுக்கு வந்து இதையே சொல்லணும். முதலாளி பேரோட” என்றாள் சூப்பர்வைசரிடம்.

“ஜெயில்ல போடுவாங்க.”

“போடட்டும். அங்கேயும் அவர் வருவார், கவலைப்படாதீங்க.”

சூப்பர்வைசர் மெல்லத் தலையாட்டினான். அவள் கதவைத் திறந்தாள். டிரைவரும் பேக்கரிக்காரரும் ஆளுக்கொரு கை கொடுத்து அவனை எழுப்பினார்கள். வாசல்வரை வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஜெயில்ல இருந்து விட்டா, கூட்டத்துக்கு நான் மறுபடி வரலாமா?”

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அண்ணிக்கு நாக்கு துடித்தது. அவன் எரியட்டும் என்று வேண்டிக்கொண்ட ஜெபங்கள் எல்லாம் இன்னும் தொண்டையிலேயே நின்றன. ஆனால் வாசலைப் பூட்டுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“வாங்க” என்றாள். “அவர் இருக்கிற இடத்துக்கு வர்றவங்களைத் தடுக்க நான் யாரு? ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அண்ணா சொல்ற அந்த ஊருக்குப் போனதும், என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டை மட்டும் கேட்டு வாங்கிடாதீங்க.”