ரென்ஸ்கெ வீட்டுத் தோட்டத்தில் சாரா

பெயர்ப்பலகை செய்கிற வீபெ திவாலானபோது கடைசியாகச் செய்த பலகை, 'கடையோடு எல்லாம் விற்பனைக்கு' என்பது. வேலை அத்தனை சுத்தம். ஏலத்துக்கு வந்தவர்கள் எழுத்து வெட்டும் இயந்திரத்தை விட்டுவிட்டு அந்தப் பலகையைத்தான் தடவிப் பார்த்தார்கள். அது விற்பனைக்கு இல்லையென்று வீபெ சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வசந்தத்தில் வீட்டுக்குப் பின்னால் இருந்த சைக்கிள் கொட்டகையில் தொழிலை மறுபடியும் தொடங்கினான். பழைய கடை பேக்கரிக்கு எதிரே இருந்தது. ரொட்டி வாங்க வந்தவர்கள் அப்படியே பலகைக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள். கொட்டகைக்கு எதிரே கால்வாய். அங்கே தினமும் வருகிற ஒரே ஆள் ஒரு நாரை. அது எதுவும் ஆர்டர் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் மனைவி மாரித்தின் அண்ணன் டௌவெ அவனுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். சீஸ் கிடங்கில், அலமாரியில் பழுக்கிற சீஸ் வட்டங்களைத் திருப்பிப் போடுகிற வேலை. அங்கே மேற்பார்வையாளர் டௌவெதான்.

"திங்கக்கெழம காலைல பதில் சொல்லணும் மாப்ள. அதுக்கு மேல எடத்தப் புடிச்சு வெக்க முடியாது," என்றான் டௌவெ. "சீஸுக்கு வாடிக்கையாளர் தேட வேணாம். திருப்பிப் போட்டா போதும். அது உன்னைத் திருப்பிப் பேசாது."

"நீ பேசுவியே."

"நான் வேலை நேரத்துல மட்டும்தான் பேசுவேன்."

திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு ஆர்டராவது வந்தால் கொட்டகை பிழைக்கும், இல்லையென்றால் சீஸ். மாரித்தும் அவனும் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். ஒருமுறை விழுந்தவன் எழுந்து நின்றால் ஊர் பார்க்கும். மறுபடி விழுந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது வீபெக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே அவனுக்கு இரவில் சீஸ் வட்டங்கள் கனவில் வந்தன. எல்லாவற்றிலும் டௌவெயின் முகம்.

புதன்கிழமை ஒரு கட்டு விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். முதல் வீட்டில், கதவில் தபால் போடும் துவாரத்துக்கு மேலே ஒரு சின்னத் தகடு: வேண்டாம், வேண்டாம். எங்கள் ஊரில் இது எல்லா வீட்டிலும் உண்டு. முதல் வேண்டாம் விளம்பரத் தாளுக்கு, இரண்டாவது வேண்டாம் இலவசச் செய்தித்தாளுக்கு. மீறிப் போட்டால் வீட்டுக்காரர் புகார் எழுதுவார். பொழுதுபோகாதவர் என்றால் இரண்டு எழுதுவார்.

இரண்டாவது வீட்டிலும் அதே தகடு. மூன்றாவதிலும். நான்காவது வீட்டு வாசலில் வீபெ குனிந்து அதை உற்றுப் பார்த்தான். வளைவான எழுத்து, மழுங்கிய மூலை, மழைக்கு மங்காத கறுப்பு. அவனே செய்தது. பழைய கடையில் மிக நன்றாக விற்ற சரக்கு அதுதான். உரியவே உரியாது என்று உத்தரவாதம் வேறு கொடுத்திருந்தான். நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தான். உண்மையிலேயே உரியவில்லை.

மணி அடிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மணி அடிக்க வீபெக்குப் பயம். சிறு வயதிலிருந்தே பயம். எங்கள் ஊரில் யாரும் சன்னலுக்குத் திரைச்சீலை போடுவதில்லை. மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று காட்டுகிற பழக்கம். அதனால் அவன் வாசலில் தயங்கி நிற்பதை உள்ளே சூப் குடிக்கிற மொத்தக் குடும்பமும் பார்த்தது. அவன் கையை ஆட்டினான். அவர்களும் ஆட்டினார்கள். அதற்குப் பிறகு மணி அடிக்காமல் போகவும் முடியவில்லை.

கதவைத் திறந்த பெரியவர் கரண்டியோடு நின்றார். "நாம நேரம் பேசி வெச்சிருக்கோமா?"

"இல்லீங்க. நான் பலகை—"

"நேரம் பேசிட்டு வாங்க."

"சரிங்க. எப்ப வரட்டும்?"

"அதக் கேக்கறதுக்கு முதல்ல ஃபோன் பண்ணணும்," என்று கதவை மெதுவாக, மரியாதையாகச் சாத்தினார்.

வீபெ திரும்பி வந்து கொட்டகையில் உட்கார்ந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நாரை அவனைப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை தொலைபேசி அடித்தது. கடன்காரரோ டௌவெயோ என்று நினைத்து அவன் அதைத் துணியால் மூடினான். மாரித் வந்து துணியை எடுத்துவிட்டு, தொலைபேசியை அவன் காதில் வைத்தாள்.

மறுமுனையில் பௌக்யெ. மூன்றாம் தெருவின் தெருக்குழுத் தலைவி. அவர் தும்மினால் அந்தத் தெரு முழுக்க நலம் விசாரிக்கும்.

"வீபெ, ஒரு சாரா வேணும். ஞாயித்துக்கெழம ரென்ஸ்கெவுக்கு அம்பது ஆகுது."

எங்கள் ஊரில் ஐம்பதைத் தொடுகிற பெண், பைபிளில் வருகிற கிழவி சாராவைப் பார்த்துவிட்டாள் என்போம். அன்று அவள் கண் விழிக்கும்போது முன்தோட்டத்தில் ஒரு கிழவி உருவம் நிற்க வேண்டும், பக்கத்தில் வயதைக் கொட்டை எழுத்தில் சொல்கிற பலகையோடு. வைப்பது அக்கம்பக்கத்தார். பிறந்தநாள்காரிக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது.

"அவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி நட்டுரணும்," என்றார் பௌக்யெ. "நாங்க ஏழு மணிக்குக் கொடியோட வெளிய வந்து பாடுவோம். நல்லா வந்துச்சுன்னா எல்லா ஆர்டரும் உனக்குத்தான் சொல்லுவேன். எங்க தெரு முழுக்க ஒரே வயசு, தெரியுமில்ல? எல்லாரும் புதுசாக் கட்டினப்ப ஜோடி ஜோடியா குடி வந்தவங்க. இனிமே வரிசையா அம்பதுதான்."

கேட்காமல் இருக்கவும் பயம், கேட்கவும் பயம். கேட்டுவிட்டான். "அம்பதுன்னு நிச்சயந்தானுங்களா?"

"எங்க கழிப்பறைக் காலண்டர்ல இருக்கு," என்றார் பௌக்யெ, குரல் ஒரு படி இறங்கி.

அதற்குமேல் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. தெரிந்தவர் எல்லாருடைய பிறந்தநாளையும் நாங்கள் கழிப்பறைக் காலண்டரில்தான் எழுதி வைப்போம். தினமும் உட்கார்ந்து படிப்பதால் மறப்பதில்லை. வீபெக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. அந்தக் காலண்டரில் நாளும் மாதமும்தான் இருக்கும். வருஷம் இருக்காது. பெண்களிடம் வருஷம் கேட்பது எங்கள் வழக்கமில்லை. ஆனால் அவன் விழுங்கிவிட்டான். வந்த ஒரே ஆர்டரைக் கேள்வி கேட்டுத் துரத்தினால் சீஸ்.

சனி முழுக்க ஒட்டுப்பலகையில் கிழவியை அறுத்தான். தலைமுக்காடு, கைப்பை, ஒரு வாய் சிரிப்பு. பலகையில் 'ரென்ஸ்கெ 50'. அடியில் தன் பெயரையும் எண்ணையும் எறும்பு அளவில் ஒட்டினான்.

"யாருக்கு இது, பூச்சிகளுக்கா?" என்றாள் மாரித்.

"பெருசா போட்டா தப்பா நெனப்பாங்க."

"தெரியாட்டி தப்பாக்கூட நெனக்க மாட்டாங்க, வீபெ." அவளே உரித்துவிட்டு அரையடி எழுத்தில் ஒட்டினாள்.

ஞாயிறு வெளிச்சம் வரத் தொடங்கியபோது வீபெ ரென்ஸ்கெயின் தோட்டத்தில் மண்டியிட்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் கிழவியைத் தாங்குகிற இரும்புக் குச்சி டங்கென்றது. காலுறையைக் கழற்றிச் சுத்தியலுக்குப் போட்டான். காற்றுக்குச் சாய்ந்துவிடுமோ என்ற பயத்தில் குச்சிகளை இன்னும் ஆழமாக இறக்கினான். கடைசிக் குச்சி இறங்கியதும் பின்னால் கதவு திறந்தது.

ரென்ஸ்கெ குளியல் அங்கியும் ரப்பர் பூட்ஸுமாக, காபிக் கோப்பையோடு நின்றாள்.

"இது யாரு?"

"சாராங்க."

"சாராவ எனக்குத் தெரியும். இங்க என்ன பண்றா?"

"உங்களுக்கு இன்னிக்கு அம்பது..."

"நாப்பத்தெட்டு."

வீபெ மெல்லத் திரும்பித் தெருவைப் பார்த்தான். எல்லாச் சன்னலிலும் முகம், எல்லாக் கையிலும் காகிதக் கொடி. ஏழு மணி ஆகிவிட்டது. யாரும் வெளியே வரவில்லை. யாரும் பாடவில்லை. எதிர்வீட்டுச் சன்னலில் பௌக்யெ மடியில் கேக்கோடு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் திரைச்சீலையைத் தேடினார்.

"எடுத்துர்றேங்க," என்று வீபெ கிழவியின் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தான். அசையவில்லை. பலகையை இழுத்தான். அதுவும் அசையவில்லை. ஒரு காலில் காலுறை இல்லாமல், ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு, மரக்கிழவியோடு மல்லுக்கு நின்றான்.

"ஏன் வர மாட்டேங்குது?"

"நான் நட்டா அசையாதுங்க," என்றான் அவன், அழுகை வருகிற குரலில். "உத்தரவாதம் உண்டு."

ரென்ஸ்கெ காபியை ஒரு வாய் குடித்தாள். பலகையைப் பார்த்தாள். அடியில் அரையடியில் இருந்த பெயரைப் படித்தாள். சன்னல்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தாள். பார்வை பட்ட சன்னலில் கொடி இறங்கியது.

வீபெ கண்ணை மூடிக்கொண்டான். இனி இந்த ஊரில் யாரும் அவனிடம் ஒரு அம்புக்குறிகூட வாங்கமாட்டார்கள்.

"எழுத்து ஒட்டற தாள் கொண்டாந்திருக்கியா?" என்றாள் ரென்ஸ்கெ.

"வேன்ல இருக்குங்க."

"அப்ப இவ நிக்கட்டும். அந்த அம்பதுக்கு மேல ஒட்டு: 'இன்னும் இல்லை. அடுத்தது யாரென்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.' தெருக்கோடி வரைக்கும் தெரியணும். செலவு என்னோடது."

வேனின் மூக்கில் தாளை விரித்து வீபெ கையாலேயே வெட்டினான். பயந்துகொண்டே வெட்டியும் எழுத்து கோணவில்லை. அது அவனுக்கே ஆச்சரியம். ஒட்டி முடித்ததும் ரென்ஸ்கெ காபி கொண்டுவந்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்று கொடுத்து மூடினாள். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு ஒன்றுதான். கொஞ்ச நேரம் யோசித்து மறுபடியும் திறந்தாள். இரண்டாவது பிஸ்கட்டை வீபெ கல்யாணத்துக்குப் பிறகு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

"இன்னும் ஒண்ணு," என்றாள். "ரெண்டு வருஷம் கழிச்சு இதே நாளுக்கு உன்னை நான் இப்பவே பேசி வெச்சுக்கறேன். அன்னிக்கு என் தோட்டத்துல ஒண்ணுமே நிக்கக் கூடாது. அதுக்கு நீ பொறுப்பு. நின்னுச்சுன்னா உன் வீட்டுக்கு வருவேன்."

"நேரம் பேசிட்டா?"

"பேசாம."

வீபெ தலையாட்டினான்.

மதியம் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதல் ஆள் கிசுகிசுத்தார். "என் மனைவிக்கு நாப்பத்தொம்பது. பௌக்யெ உன்கிட்ட எதாவது சொல்லி வெச்சாங்களா?" சொல்லவில்லை என்றதும் நம்பாமல், தோட்டத்துக்கு ஒரு பலகை சொன்னார்: இந்த வீட்டில் வயது பேச முன்கூட்டியே நேரம் வாங்கவும். அடுத்த வீட்டுக்காரி தனக்கும் அதே மாதிரி, ஆனால் கொஞ்சம் கண்டிப்பாக வேண்டும் என்றாள். சூப் குடித்த பெரியவரும் பேசினார். நேரம் பேசுவதற்காகப் பேசுவதாகச் சொன்னார். தகடு போட்ட ஒரு துவாரமும் வாங்காத அந்த விளம்பரம், அரையடி எழுத்தில், எல்லாச் சன்னலுக்கும் நேரே நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் பௌக்யெ கூப்பிட்டார். "ஒரு பலகை வேணும். 'மன்னிக்கவும்'னு."

"எவ்வளவு பெருசாங்க?"

"தெருவுல எல்லாரும் பாக்கணும். ஆனா படிக்கக் கூடாது."

திங்கட்கிழமை காலை டௌவெ கொட்டகை வாசலில் வந்து நின்றான். "என்ன மாப்ள, சீஸ் காத்துக்கிட்டிருக்கு."

"வர முடியாது. வேலை இருக்கு."

"இந்த வாரம் இருக்கும். அப்புறம்?"

"ரெண்டு வருஷம் கழிச்சும் ஒண்ணு ஒத்துக்கிட்டிருக்கேன்."

"என்ன வேலை அது?"

"ஒரு தோட்டத்துல ஒண்ணும் நடாம இருக்கணும்."

டௌவெ தங்கையைப் பார்த்தான். மாரித் தோளைக் குலுக்கினாள். "நல்ல வாடிக்கை," என்றாள்.

மேசைமேல் தொலைபேசி அதிர்ந்தது. வீபெயின் கை துணியைத் தேடியது. துணியை மாரித் ஏற்கெனவே ஒளித்து வைத்திருந்தாள். தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தான். மறுமுனையில் யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம். பேசலாமா வேண்டாமா என்று அவனைவிடப் பயந்துபோன யாரோ.

"மெதுவா சொல்லுங்க," என்றான் வீபெ. "அந்தப் பயம் எனக்குத் தெரியும்."