தோன் காசிமிரோவின் வலது கை

பதினோராம் வகுப்பை முடித்து வெளியேறுகிறவர்களை எங்கள் பள்ளி லேசில் விட்டுவிடாது. தேர்வெல்லாம் முடிந்த பிறகு கையில் ஒரு தாளைக் கொடுத்து அலையவிடுவார்கள். நூலகத்தில் ஒரு கையெழுத்து, விளையாட்டு அறையில் ஒரு கையெழுத்து, ஆய்வகத்தில் ஒரு கையெழுத்து. பள்ளிப் பொருள் எதுவும் இவனிடம் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் வெள்ளிக்கிழமை மேடையில் பட்டயம் கிடைக்கும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு அடுத்தவர்களுக்குக் கைதட்டிவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை, எங்கள் பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேருக்குத் தாள் நிறைந்திருந்தது. எடெருக்கு மட்டும் ஆய்வகக் கையெழுத்து விழவில்லை. உபால்தினா டீச்சர் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லையாம். காசிமிரோவின் விரல்கள் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம்.

தோன் காசிமிரோ ஆய்வக மூலையில் நிற்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு. எங்களுக்கு முன்னால் படித்த ஏதோ ஒரு வகுப்பு வைத்த பெயர்; தோன் என்றால் ஐயா மாதிரி. தலையில் ஒரு பழைய ஓலைத்தொப்பியும் உண்டு. நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய வலது கைக் கம்பி அறுந்து, பதினான்கு விரல் எலும்புகளும் உதிர்ந்துவிட்டன. டீச்சர் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். ஆண்டுத் தேர்வு அன்று காலை பார்த்தால் டப்பா காலி. ஆய்வகச் சாவி அந்த வாரம் எடெரிடம் இருந்தது. வேறென்ன விசாரணை வேண்டும்? அவனை மூன்று நாள் பள்ளிப் பக்கமே வரக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். விலங்கியல் தேர்வும் அந்த மூன்று நாளுக்குள் போனது. விடுமுறையில், ஜனவரி வெயிலில் அவன் மட்டும் தனியாக வந்து எழுதினான். அன்றிலிருந்து அவன் பெயர் எலும்பு.

இப்போது அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அவனுக்குப் போவது பட்டயம் மட்டுமில்லை. பார்ரங்கீயா நகரத்தில் இழுவைப் படகு வேலைக்கு அவனைப் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை பட்டயத்தோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவனுக்கு. எங்கள் ஊர்ப் படகுத்துறையில் மீன் பொரித்து விற்கும் அவன் அம்மா போன மாதமே அவனுக்குப் பெட்டி கட்டி வைத்துவிட்டாள்.

இதில் எனக்கு என்ன சம்பந்தம் என்று சொல்கிறேன். அந்தப் பதினான்கில் ஒன்றை எடுத்தவள் நான்.

என் அத்தை மகன் சொல்லிக்கொடுத்த வித்தை அது. காசிமிரோவின் விரல் எலும்பு ஒன்றை இடது காலுறைக்குள் போட்டுக்கொண்டு தேர்வு எழுதினால் படித்தது மறக்காது. ஆனால் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, விட்டால் பலிக்காது. தேர்வுக்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பூட்டாமல் கிடந்த ஆய்வகத்துக்குள் நழுவி, டப்பாவில் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். உள்ளே எத்தனை இருந்தன என்று பார்க்கக்கூட இல்லை. மறுநாள் எடெரைப் பிடித்தபோது எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நான் எடுத்தது ஒன்றுதானே, மீதிப் பதிமூன்றை அவன்தான் எடுத்திருப்பான். அந்த நியாயத்தை இரண்டு வருடம் கட்டிக்கொண்டு தூங்கினேன். எலும்பையும் விடவில்லை. போன வாரக் கடைசித் தேர்வுவரை அது என் காலுறையில்தான் இருந்தது. புதன்கிழமை கூட பழக்கதோஷத்தில் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

அன்று கடைசி வகுப்பு. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். வகுப்புத் தலைவி யூரானிஸ், ஆளுக்கொரு ஞாபகம் சொல்ல வேண்டும், யாரும் அழக்கூடாது என்று சட்டம் போட்டாள். யாருக்கு அழுகை வந்தது? விடுதலையானவர்கள் மாதிரி இருந்தோம். ஆறாம் வகுப்பில் ஆறு பெருகி உள்ளே வந்து, நான்கு மாதம் தேவாலயத்தில் பாடம் நடந்ததை ஒருத்தி சொன்னாள். பாவமன்னிப்புக் கூண்டுக்குள் உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்பார்கள். மாமரத்திலிருந்து ஓர் உடும்பு கணக்கு வாத்தியார் மடியில் விழுந்ததை அர்னுல்ஃபோ நடித்தே காட்டினான். ஆறு வருடமும் சுற்றாத மின்விசிறிக்கு எல்லோரும் எழுந்து நின்று விடை கொடுத்தோம். இனி இயற்கணிதம் கிடையாது, காலை ஆறு மணிக்கு மணி கிடையாது, வெள்ளைச் சட்டை கிடையாது. அந்தச் சட்டையைத்தான் எல்லோரும் கழற்றி, உள்பனியனோடு உட்கார்ந்து, மாற்றி மாற்றி அதில் எழுதிக்கொண்டிருந்தோம். கடைசி நாள் சட்டையில் எழுதுவது எங்கள் வழக்கம். பிறகு அதை யாரும் துவைக்க மாட்டார்கள்.

எடெரின் சட்டை சுற்றி வந்து என் மடியில் விழுந்தது. முதுகு முழுக்க எலும்புகள். ஒருவர் விடாமல் எலும்பாக வரைந்திருந்தார்கள். பெரிசு, சின்னது, சிரிக்கிற எலும்பு, தொப்பி போட்ட எலும்பு. அவன் பெயர் எங்கேயும் இல்லை. அவன் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நிறையாத தாளை நான்காக மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்திருந்தான்.

சொன்னால் டீச்சர் என் தாளைக் கிழித்துவிடக்கூடும். என் அம்மா வெள்ளிக்கிழமைக்காகப் பன்றி வளர்த்து, ஊரையே விருந்துக்கு அழைத்திருந்தாள். இதெல்லாம் தலைக்குள் ஓடியது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் என்னால் அந்தச் சட்டையில் இன்னொரு எலும்பு வரைய முடியவில்லை. ஷூவைக் கழற்றி, காலுறைக்குள் கையைவிட்டு, எலும்பை எடுத்து வட்டத்தின் நடுவில் வைத்தேன்.

"ஒண்ணு நான் எடுத்தேன்," என்றேன். "மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது."

எடெர் அந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யூரானிஸ் தன் பென்சில் பெட்டியைத் திறந்தாள். இன்னொரு எலும்பை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். அர்னுல்ஃபோ எழுந்து வீட்டுக்கு ஓடினான். அவன் எலும்பு அவன் தங்கையின் பொம்மைக்குக் கையாக இருந்ததாம். ஒருவன் கழுத்துக் கயிற்றிலிருந்து அவிழ்த்தான், ஒருத்தி பணப்பையிலிருந்து எடுத்தாள். இன்னும் எட்டுப் பேர் வீட்டுக்கு ஓடினார்கள். அண்ணன் சொன்னான், மாமா மகள் சொன்னாள், யாரிடமும் சொல்லாதே என்றார்கள். அத்தனை பேருக்கும் ஒரே கதை. அத்தனை பேரும் ஒன்றுதான் எடுத்திருந்தோம், மீதி எடெருடையது என்று நினைத்திருந்தோம். மீதி என்று ஒன்று இருக்கவே இல்லை.

"ஏன்டா, நான் எடுக்கலன்னு நீ சொல்லியிருக்கலாமே?" என்று அர்னுல்ஃபோ மூச்சிரைக்கக் கேட்டான்.

"சொன்னேன்டா," என்றான் எடெர். "முதல் நாளே சொன்னேன். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அப்புறம் நானும் சிரிச்சுட்டேன், அது ஈஸியா இருந்துச்சு."

பத்தொன்பது பேரும் ஆய்வகத்துக்குப் போனோம். உபால்தினா டீச்சர் மேஜையில் எலும்புகளைக் கொட்டினோம். அவர் எங்களைப் பார்த்தார், எலும்புகளைப் பார்த்தார், கடைசியில் எடெரைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. எங்களைத் திட்டத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் குனிந்து எண்ண ஆரம்பித்தார். பதிமூன்று இருந்தது. மறுபடி எண்ணினார். பதிமூன்றுதான். இன்னும் ஒன்று யாரிடம் என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரிடமும் இல்லை. டீச்சரின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது.

"அந்த ஒண்ணை நான் எடுத்ததா எழுதிக்குங்க டீச்சர்," என்றான் எடெர். "அதுக்கான மூணு நாளைத்தான் அப்பவே அனுபவிச்சுட்டேனே."

டீச்சர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அந்த மூன்று நாளை உன் பதிவிலிருந்து எடுக்கச் சொல்கிறேன், நான் செய்தது தப்பு என்றார். ஒரு டீச்சர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. எடெர்தான் கூச்சப்பட்டான். அது அப்படியே இருக்கட்டும், அந்த மூன்று நாளும் மாமாவோடு ஆற்றில் மீன் பிடித்தேன், அப்போதுதான் படகுப் பைத்தியமே பிடித்தது என்றான். அதைக் கேட்டு டீச்சரும் சிரித்துவிட்டார். எங்களை மட்டும் சும்மா விடவில்லை. காசிமிரோவின் கையைக் கட்டி முடிக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்றார். தூண்டில் நரம்பு வாங்கி வந்து, சாயங்காலம்வரை உட்கார்ந்து கட்டினோம். எடெர்தான் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தான். சுண்டுவிரலில் மட்டும் ஒரு நுனி இல்லை.

முடித்து வெளியே வந்தபோது அவன் என்னிடம் சட்டையையும் பேனாவையும் நீட்டினான். "நீ மட்டும்தான் இன்னும் எழுதல," என்றான்.

முதுகில் இடமே இல்லை. திருப்பி, நெஞ்சுப் பக்கம், பையின் மேல் எழுதினேன். எடெர் லூயிஸ் பச்சேக்கோ. பச்சேக்கோ என்பது சரிதானா என்று அவனிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.