கணவாய்க்காரியைக் கொன்ற கதை

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அல்கிமோஸ் என்கிற நான் ஐந்து வருடம் எங்கள் ஊரில் வீரன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். ஆர்க்காடியா மலையில் என்னைப் போல அண்டப்புளுகன் இன்னொருவன் இருந்தால், அவன் கையில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதீர்கள்.

மலைக்கணவாயில் இடுப்புவரை பெண்ணும் அதற்குக் கீழே பாம்புமாக ஒருத்தி இருந்தாள். ஆடு தூக்குவாள். கணவாய்க்காரி என்போம். தொலைந்த ஆட்டைத் தேடிப் போன நான் அவளை நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். அவ்வளவுதான் சண்டை. ஈட்டியை அங்கேயே போட்டுவிட்டு, முள் பாராமல் கல் பாராமல் உருண்டு வந்து ஊருக்குள் விழுந்தேன். உடம்பெல்லாம் ரத்தம். "கொன்னுட்டியாடா?" என்று யாரோ கேட்டார்கள். பேச மூச்சில்லை, தலையை ஆட்டித் தொலைத்தேன். குத்திய ஈட்டியோடு உடல் பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது என்பதை மறுநாள் சேர்த்துக்கொண்டேன்.

என் நல்ல நேரம், அதற்கப்புறம் ஆடு காணாமல் போகவில்லை. தெய்வங்களுக்குக் காளை வெட்டும் நாளெல்லாம், வீரனுக்கென்று ஒதுக்கும் முதுகுச் சதை என் தட்டுக்கு வந்தது. தொப்பையும் வந்தது.

ஒருநாள் மதியம் வயலிலிருந்து வீடு திரும்பினேன். அடுப்புச் சாம்பலில் ஒரு கிழவி போர்வையைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருந்தாள். அடைக்கலம் தேடி வருகிறவர்கள் உட்காரும் இடம் அது. என் மனைவி மெலித்தா பார்லிக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"யாருடி?" என்றேன்.

"சாப்பிடறவங்ககிட்ட பேர் கேக்கறதா? நல்லா இருக்கு உன் மரியாதை! முடிக்கட்டும். இது நாலாவது கிண்ணம்."

கிழவி வாயைத் துடைத்தாள். ஒரு கையால் என் முட்டியைப் பிடித்தாள், மறு கையால் தாடியைத் தொட்டாள். முறைப்படியான அடைக்கலம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பயப்படாதம்மா. ஜீயஸ் மேல ஆணை, இந்த அடுப்புகிட்ட இருக்கறவரைக்கும் ஒரு பயல் உன்னைத் தொட முடியாது. நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும். என்னைக் கொன்னவன்."

போர்வை சரிந்தது. அடுப்பைச் சுற்றி மூன்று சுற்று வால். மெலித்தா கரண்டியோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். பெயர் கேட்குமுன் ஆணையிட்ட என் வாயை எதால் அடிப்பது?

"ஒருத்தன் துரத்திட்டு வரான்" என்றாள் கணவாய்க்காரி. "நெஜமாவே கொல்றவன். நான் செத்துட்டேன்னு ஊரெல்லாம் சொன்னவன் நீதானே? அவன்கிட்டயும் அதையே சொல்லு."

"நீ ஏன் ஆடு தூக்க வரதில்ல?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய நேரமா அது!

வாயைத் திறந்து காட்டினாள். ஒரு பல்கூட இல்லை. "அஞ்சு வருஷமா பறவை முட்டைதான்."

அதற்குள் வாசலில் சத்தம். டெக்சிப்பஸ் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஓர் இளந்தாரி உருவிய வாளோடு உள்ளே வந்தான். முகத்தில் மீசைகூட அரும்பவில்லை. புழுதியில் வால் போட்ட தடத்தைப் பார்த்தே வந்திருந்தான். அவன் பின்னால் ஊரே திரண்டு, பயந்து, தெருவில் நின்றது.

அவளைப் பார்த்தான். சாம்பலையும் பார்த்தான். குனிந்து என் காதில் சொன்னான்: "அண்ணே, உங்க வண்டவாளம் தெரிஞ்சு போச்சு. ஆனா நான் வாயத் திறக்கமாட்டேன். இது நீங்க கொன்னவளோட தங்கச்சின்னு சொல்லிடலாம். உங்க பேரும் நிக்கும், என் பேரும் நிக்கும். அடுப்புகிட்ட நான் தொடக் கூடாது. நீங்களே வாசப்படிக்கு வெளிய தள்ளிவிடுங்க, மிச்சத்த நான் பார்த்துக்கறேன்."

பொய் சொல்லி என்ன, மனம் முக்கால்வாசி அவன் பக்கம் போய்விட்டது. ஆணையை ஜீயஸ் கேட்டிருப்பாரா, அவருக்கு ஆயிரம் வேலை என்றெல்லாம் கணக்குப் போட்டேன். கிழவிக்கும் எல்லாம் கேட்டிருக்கும். அவள் கெஞ்சவில்லை. தாடையில் ஒட்டியிருந்த கஞ்சியோடு என்னை அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவுதான். பாவமாக இருந்தது. பாவி, ஏன் வந்தாய் என்று ஆத்திரமாகவும் இருந்தது.

"ஊர்க்காரங்களே!" என் குரல் கீச்சென்று வந்தது. "கணவாய்க்காரி இங்கதான் இருக்கா! உயிரோட இருக்கா! நான் கொல்லல, பார்த்ததும் ஓடி வந்துட்டேன்! இப்ப என் அடுப்புல அடைக்கலம். இவன் கை வச்சா நீங்க எல்லாரும் சாட்சி!"

முன்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப ஈட்டி?" என்றது ஒரு குரல்.

"போட்டுட்டு ஓடி வந்தேன்!"

சிரிப்பு தெருமுனைவரை போனது. "தின்ன கறியெல்லாம் கக்குடா புளுகுமூட்டை!" என்று பூசாரியே கத்தினார். இத்தனை சாட்சிக்கு நடுவில் அடைக்கலம் வந்தவளை வெட்டினால் எந்த ஊரும் அவனுக்குக் கதவு திறக்காது. டெக்சிப்பஸ் வாளை உறைக்குள் போட்டான்.

"பொழைக்கத் தெரியாத ஆளுய்யா நீ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கூட்டமும் சிரித்துக்கொண்டே கலைந்தது.

மெலித்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாவது கிண்ணம் கஞ்சி ஊற்றிக் கிழவி பக்கம் நகர்த்தினாள். கிழவி கிண்ணத்தைத் தொடவில்லை, இரண்டு கையாலும் என் முட்டியையே பிடித்திருந்தாள்.

"போயிட்டான் தாயி. கைய எடு" என்றேன்.

"எடுத்தா நீ விழுந்துடுவ" என்றாள்.