மூன்று நாள் ரொட்டி

புத்தகத்தின் அச்சுப்படிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கொக்குவின் தையல் கடைக்குக் கிளம்பியபோது, உண்மையைச் சொல்லத்தான் போகிறோம் என்று டப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். உண்மையைச் சொல்லிவிட்டதாகப் பேர் பண்ணிக்கொள்ளத்தான் போனாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு நன்றாகவே தெரியும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள், சுற்றுவழி எது, நேர்வழி எது என்று தெரியாதவளா?

ஓய்வு பெற்ற ஆசிரியையை டப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திதான் மிச்சம், அவள்தான் கொக்கு. ஒன்பதாம் வகுப்பில் வைத்த பெயர்கள் இவை. இவள் எங்கே போனாலும் ஒரு மூன்றடுக்கு அலுமினிய டப்பாவோடு போவாள். கொக்குவுக்குக் கழுத்தும் நீளம், காலும் நீளம். நீளம் தாண்டுவதில் முதல் பரிசு, வகுப்பில் முதல் மார்க், ஆண்டு விழாவில் முதல் பாட்டு எல்லாம் கொக்குவுக்குத்தான். டப்பாவுக்கு டப்பா மட்டும்தான்.

புத்தகம் என்றால் பெரிய காவியம் ஒன்றும் இல்லை. பள்ளி நாட்கள், ரயில் பயணங்கள், ஜன்னல் ஓரத்துக்குப் போட்ட சண்டைகள். ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் அம்மாவின் சமையல் குறிப்பு ஒன்று. மொத்தம் இருபத்திரண்டு. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் பதினோராவது கட்டுரைதான் உறுத்தியது. தலைப்பு, மூன்று நாள் ரொட்டி.

ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவைப் பற்றி அதில் எழுதியிருந்தாள். போக ஒரு நாள், அங்கே ஒரு நாள், வர ஒரு நாள். மற்ற பிள்ளைகள் கொண்டுவந்த சாப்பாடெல்லாம் முதல் ராத்திரியே ஊசிப்போக, டப்பாவின் அம்மா செய்து கொடுத்த ரொட்டி மட்டும் மூன்றாம் நாள் காலையிலும் பஞ்சு மாதிரி இருந்தது. ரயில் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் அவளைச் சுற்றி மொய்த்தார்கள். கணக்கு வாத்தியார்கூட வந்து, "ஒரு துண்டு குடும்மா" என்று கையை நீட்டினார். அந்த மூன்று நாளும் அவள் ராணி.

இதுவரைக்கும் நிஜம். அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: 'எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து சமையல் பக்குவம் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டுச் சொல்வோம். பெரியம்மா உப்பின் அளவை விடுவார், அத்தை ஊறவைக்கும் நேரத்தை விடுவார். என் தோழி கொக்கு ரொட்டிப் பக்குவம் கேட்டபோது, என் அம்மாவும் குறும்பாக ஒன்றை மறைத்துவிட்டார். நாற்பத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு அதை இங்கே வெளியிடுகிறேன், கொக்கு என்னை மன்னிக்கட்டும்! அந்த ரகசியம், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்று.'

குறும்பாம். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. செத்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவதில்லை என்கிற தைரியம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போதாதென்று, மறைத்தது பெற்றவள்தான் என்று வேறு எழுதி வைத்திருந்தாள்.

கடையில் கொக்கு பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் மூன்று குண்டூசி. மேசையெல்லாம் நீலத் துண்டுகள். டப்பாவைப் பார்த்ததும் குண்டூசிகளை எடுத்து ஊசித் திண்டில் குத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

"வாடி எழுத்தாளி. என்னப் பத்தி எழுதியிருக்கேன்னு போன்ல சொன்னியே, அன்னைலேர்ந்து எனக்கு வேலையே ஓடல. கால் நீளம்னு எழுதியிருந்தா வெட்டிடுவேன், கத்திரி இங்கதான் இருக்கு."

"படிச்சுப் பாரு. பிடிக்கலன்னா மாத்திடறேன்."

"இரு, இரு. முதல்ல நான் உனக்கு ஒண்ணு காட்டறேன். புத்தகத்துல படம் கிடம் போடுவியேன்னு எடுத்து வெச்சேன்."

மேசை இழுப்பறையில் அளவு நோட்டுக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். கோடு போட்ட நோட்டுத் தாள். மடிப்புக் கிழிந்த இடங்களில் பின்பக்கமாக மெல்லிய துணியை வெட்டி ஒட்டியிருந்தாள், தையல்காரி அல்லவா. மேலே பதினான்கு வயதுக் கையெழுத்தில் 'மூன்று நாள் ரொட்டி'. அந்த 'மூ'வின் வாலும் 'ரொ'வின் கொம்பும் டப்பாவுடையவைதான். கோர்ட்டில் நிறுத்தினாலும் மறுக்க முடியாது.

டப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் தாள் எப்போதோ அடுப்பில் போயிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

கொக்கு அச்சுப்படியை வாங்கிப் படிக்கத் தொடங்கினாள். சுற்றுலாப் பகுதிக்குச் சிரித்தாள். கணக்கு வாத்தியார் கை நீட்டிய இடத்தில் மேசையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஒரே பத்தியை விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"உருளைக்கிழங்கா?" என்றாள்.

"ம்."

"அதான் மெத்துனு இருந்துச்சா."

"ம். ஒரு தமாஷுக்கு எழுதினேன். எங்க வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா..."

"தெரியும். உங்க அத்தை எனக்கு முறுக்குப் பக்குவத்த அரைகுறையாச் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு." கொக்கு கண்ணாடியைக் கழற்றினாள். "ஆனா உங்கம்மாவா?"

டப்பா மேசையிலிருந்த நீலத் துண்டு ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"எங்கம்மா தவறின வருஷம்டி அது. சுற்றுலாவுக்குக் கிளம்பின அன்னிக்குக் காலையில, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு உங்க வீட்டு வாசல்ல நின்னேன். உங்கம்மா உன்ன விட்டுட்டு எனக்குத்தான் முதல்ல பின்னி விட்டாங்க. ரெட்டைப் பின்னல். நான் தூங்கும்போதுகூட அவுக்கல, மூணு நாளும் அப்படியே வெச்சிருந்தேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவங்களும் என்ன வெளி ஆளாத்தான் நெனச்சிருக்காங்க. இல்ல? கேட்டவங்களுக்கெல்லாம் ஒண்ணக் குறைச்சுச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லியிருக்காங்க. சரி, அவங்க மேல தப்பில்ல. நாந்தான் என்னமோ நெனச்சிக்கிட்டேன்."

இதை டப்பா எதிர்பார்க்கவில்லை. கொக்கு திட்டுவாள், பிறகு சிரிப்பாள், இரண்டு டீயோடு விஷயம் முடிந்துவிடும் என்றுதான் திட்டம் போட்டிருந்தாள். ஒரு ரொட்டியைத் திருடினோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது இன்னொருத்தியிடம் மிச்சமிருந்த ஒரே ஒரு தாயையும் பிடுங்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்த ரெட்டைப் பின்னலை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

"அம்மா இல்லடி" என்றாள்.

"என்ன அம்மா இல்ல?"

"அம்மா மறைக்கல. நான்தான்."

கொக்கு அச்சுப்படியை மேசையில் வைத்தாள்.

டப்பா சொன்னாள். அம்மா அடுப்படியில் நின்றபடி சொல்லச் சொல்ல இவள் வாசற்படியில் உட்கார்ந்து எழுதியது. மாவு, உப்பு, வெண்ணெய் வரைக்கும் வந்த பிறகு அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது. 'இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒண்ணு விடாம எழுதிக் குடுடி. அவ அப்பா லாரியில மூணு நாள் போயிட்டு வர்றவர். தாயில்லாத பொண்ணு ஆசையாச் செய்யுது' என்று சொன்னது. அப்படிச் சொல்லிவிட்டுத்தான் உருளைக்கிழங்கைச் சொன்னார்.

"எழுதலாமா வேண்டாமான்னு பேனாவ வெச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள அம்மா அடுத்தத சொல்லிட்டாங்க. நானும் அடுத்த வரிக்குப் போயிட்டேன்."

"ஏன்?"

"உனக்கு எல்லாம் இருந்துச்சு. பாட்டு, மார்க்கு, பரிசு. ரொட்டியும் உன் கைக்கு வந்துட்டா அப்புறம் எங்கிட்ட யாருடி வருவா?"

சொல்லிக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு சின்னத்தனம் என்று தெரிந்தது. தாயில்லாத பெண்ணிடம் 'உனக்கு எல்லாம் இருந்தது' என்று சொல்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில், தலையெல்லாம் நரைத்த பிறகும் சொல்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கொக்கு அழவில்லை. முந்தானையால் கண்ணாடியை மறுபடி துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள்.

"அப்போ உங்கம்மா சொன்னாங்க."

"சொன்னாங்க. ஒண்ணு விடாம."

"எனக்கு மட்டும்னு சொன்னாங்க."

"உனக்கு மட்டும்தான்."

"நல்லது" என்றாள் கொக்கு. பிறகு தாளை அவள் பக்கம் தள்ளினாள். "படி."

டப்பா படித்தாள். அவள் எழுதிய நீல மை வெளிறியிருந்தது. சுற்றிலும் ஓரங்களிலும் வரிகளுக்கு இடையிலும் பென்சிலில் வேறு கையெழுத்து. முதலில் பார்த்தபோது அதை எண்ணெய்க் கறை என்று நினைத்திருந்தாள்.

'கோதுமை மாவு நாலு டம்ளர்' என்பதன் பக்கத்தில்: இரண்டு தடவை சலித்தேன், அப்படியும் ரொட்டி கல் மாதிரி. 'வெண்ணெய் எலுமிச்சம்பழ அளவு' என்பதன் பக்கத்தில்: பெரிய எலுமிச்சம்பழம் போட்டுப் பார்க்கணும். 'இளஞ்சூட்டில் பால் ஒரு டம்ளர்': ஒன்றரை. பிறகு அதை அடித்துவிட்டு, இரண்டு. 'ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம்': ராத்திரி முழுக்க மூடினேன். 'விரல் தடிமனில் தட்டிச் சின்னத் தீயில் சுடவும்': அப்பா ஸ்டெப்னி டயர் என்கிறார். 'சூட்டோடு துணியில் சுற்றவும்': ரெண்டு துணி. கம்பளி. அதற்குக் கீழே: அப்பா நல்லா இருக்குன்னார். டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டாராம். பல் ஆடுது. கடைசி மூலையில், கொஞ்சம் வளர்ந்த கையெழுத்தில்: என் கை சரியில்லை.

வெண்ணெய்க்கும் பாலுக்கும் நடுவே ஒரு வரி காலியாக இருந்தது. அதில் மட்டும் பென்சில் படவே இல்லை.

"மை தீர்ந்து போயிருக்கும், அதான் ஒரு வரி தள்ளி எழுதியிருக்கேன்னு நெனச்சேன்" என்றாள் கொக்கு. "பதினேழு தடவை செஞ்சேன்டி. அப்பா ஒரு தடவகூட வேணாம்னு சொல்லல. டீக்கடையில எல்லாரும் பன்னு வாங்கித் திம்பாங்களாம், இவரு டப்பாவத் திறந்து எம்பொண்ணு செஞ்சதும்பாராம். கல்யாணம் ஆகி வந்த அன்னிக்கே மாமியார்கிட்ட நானே சொல்லிட்டேன், எனக்குச் சமையல் கை கிடையாது, என்ன அடுப்புகிட்ட விடாதீங்கன்னு. இன்னிக்கு வரைக்கும் என் வீட்டுக்காரர்தான் சமைக்கிறார். எம்பிள்ளைங்க என் கையால எதுவும் சாப்பிட்டதில்ல."

மன்னிச்சுக்கோ என்று டப்பா சொல்லப் பார்த்தாள். அச்சடித்த பக்கத்தில் 'கொக்கு என்னை மன்னிக்கட்டும்' என்று ஆச்சரியக்குறியோடு அவளே எழுதி வைத்திருந்தது கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

கொக்கு ஒரு பேனாவை எடுத்து மேசை மேல் வைத்தாள். "அந்த வரிய எழுது."

டப்பா காலி வரியில் எழுதினாள். 'வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்று.'

"இப்ப புத்தகத்துல உங்கம்மாவ எடுத்துட்டு உன்னப் போடு."

டப்பா 'அம்மா' என்ற இடத்தை அடித்துவிட்டு 'நான்' என்று எழுதினாள். 'குறும்பாக' என்பதையும் அடித்தாள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'பொறாமையால்' என்று எழுதினாள். ஆச்சரியக்குறி இருந்த வாக்கியத்தை முழுசாக அடித்தாள்.

கொக்கு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துணி அளக்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

"நாலு டம்ளர் மாவுக்கு ஒரு கிழங்கு போதுமா?" என்றாள்.

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நாளைக்குச் செய்யப் போகிறவள் கேட்கிற கேள்விதான். பதினெட்டாம் தடவைக்கு அளவு கேட்டாள், அவ்வளவே.

டப்பா தாளைப் பார்த்தாள். அம்மா அடுப்படியிலிருந்து காட்டிய கை கண்ணுக்குள் வந்தது. இரண்டு விரல். கட்டுரையை எழுதியபோது, திருத்தியபோது, இதோ இப்போது பேனாவைப் பிடித்து எழுதியபோதும், மூன்று தடவையும் ஒன்று என்றே எழுதியிருக்கிறாள். வேண்டுமென்று செய்தாளா என்று கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்வாள். அந்தச் சத்தியத்தை அவளே நம்ப மாட்டாள்.

"ரெண்டு" என்றாள். குரல் சரியாக எழும்பவில்லை.

"என்ன?"

"ரெண்டு கிழங்கு. பெரிசா."

கொக்கு திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் திண்டிலிருந்து பிடுங்கி உதட்டில் வைத்துக்கொண்டு, தையல் மெஷின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு தாள்லயும் திருத்து" என்றாள் உதட்டைத் திறக்காமல். "திருத்திட்டு இங்கேயே உக்காரு. வீட்டுக்காரரக் கிழங்கு வாங்கிட்டு வரச் சொல்றேன். என் வீட்டு அடுப்புல, என் கண்ணு முன்னாடி நீ செய்."