கோல் கோரின் கையில்

ஹாலிஸ் குடும்பத்துப் படகில் ஒரு சட்டம் உண்டு. மீன் மாட்டிப் படகருகே வரும்வரை தூண்டில் கோல் கைமாறாது. வந்த பிறகுதான் துடுப்புப் போடுகிறவர் எழுந்து கோலை வாங்கிக்கொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டீல்ஹெட் சும்மா வந்து மாட்டுகிற மீன் இல்லை. கடலிலிருந்து ஐந்நூறு மைல் எதிர்நீச்சல் போட்டு வந்து, பசியே இல்லாமல் ஆற்றடியில் கிடக்கும். நாள் முழுக்க வீசினால் ஒன்று. பல நாள் அதுவும் இல்லை. ஆக, காலையில் கோல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சாயங்காலமும் இருக்கும். ராய்ஸைக் கல்யாணம் செய்துகொண்ட இந்த ஆறு வருஷமாகக் கோரின் கையில் இருந்தது துடுப்பு.

அவள் நன்றாகத் துடுப்புப் போடுவாள். அதுதான் சனியன். "கோரின் மாதிரி படகு ஓட்ட க்ளியர்வாட்டர் ஆத்துல ஆளே கிடையாது" என்று ராய்ஸ் ஊரெல்லாம் சொல்லுவான். பாராட்டிப் பாராட்டியே ஒருத்தியை ஒரே பலகையில் உட்கார்த்தி வைத்துவிடலாம்.

இந்த நவம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். படகை இறக்குகிற இடத்திலிருந்து ஏற்றுகிற இடம் வரை கோல் அவளுடையது. ஒரு ஸ்டீல்ஹெட்டைத் தன் கையால் படகருகே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து ராய்ஸ் சரி என்றான்.

மாமனார் ஹாலிஸ் வண்டியைப் பின்னால் எடுத்துப் படகைத் தண்ணீரில் இறக்கினார். மகன் துடுப்புப் பலகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடா, எடம் மாறி உக்காந்திருக்க? நேத்து குடிச்சது இன்னும் எறங்கலையா?"

"இன்னிக்கு அவ முறை, அப்பா."

"ஏம்மா கோரி, உனக்கு நீச்சல் தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. உங்க பையனுக்குத்தான் மிதவைச் சட்டைய நல்லா இறுக்கி விட்டிருக்கேன்."

நல்ல குளிர். கோலின் வளையங்களில் பனி உறைந்து தூண்டில் நரம்பு ஓட மறுத்தது. நாலு வீச்சுக்கு ஒருமுறை வளையத்தை வாயில் வைத்து ஊதி உருக்கினாள். பின்னாலிருந்து ராய்ஸ் ஓயவில்லை. இன்னும் தள்ளி வீசு, தக்கையைப் பார், கையைத் தளர்த்து.

"வாய்க்குப் பதிலா கையை அசை. படகு குறுக்க போகுது பாரு" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முட்டை ரொட்டியைப் பிரித்த நேரத்தில் தக்கை காணாமல் போனது. கோலைத் தூக்கினாள். பாறையில் சிக்கியது போல ஒரு கணம். பிறகு அந்தப் பாறை ஓடத் தொடங்கியது. ரீல் அலறியது. கீழ்நோக்கி ஒரே ஓட்டம். ரீலில் நரம்பு தீர்ந்துகொண்டே வந்தது. படகும் பின்னால் போயாக வேண்டும். முன்னே இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆறு குறுகி, நுரைத்து இறங்கியது.

"கோரி, கோலக் குடு. நீ வந்து துடுப்பப் புடி."

"மாட்டேன்."

"வெளையாடாத! எனக்கு இந்த எடம் பழக்கமில்ல!"

"ஆறு வருஷமா இந்த வழியாத்தானே வர்ற?"

"நான் எங்க தண்ணியப் பாத்தேன்? தக்கையத்தானே பாத்தேன்!"

அவளுக்கு ஆச்சரியமில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவனுக்கு ஒருநாளும் வரவில்லை. கோலைக் கொடுத்தால் படகு பத்திரம், மீனும் வந்துவிடும். ஆனால் அது அவன் மீன். கடைசிவரை அவன் மீன்தான்.

இதற்குள் ராய்ஸ் பதறிப்போய், காலடியில் இருந்த பிடியைத் தட்டி நங்கூரத்தை இறக்கிவிட்டான். இத்தனை வேகமாக ஓடும் தண்ணீரில் யாரும் செய்யக் கூடாத காரியம். படகின் பின்பக்கம் வெடுக்கென்று அமுங்கியது. பனித் தண்ணீர் பின்பலகைக்கு மேலாக உள்ளே கொட்டியது.

"கயித்த வெட்டு!"

"அப்பாவோட நங்கூரம்டி..."

"அப்பாவே தொங்கினாலும் வெட்டு!"

வெட்டினான். படகு துள்ளிப் புறப்பட்டது. அவள் முழங்காலை முன்பலகையில் முட்டுக்கொடுத்து நின்றாள். கோலை உயர்த்திப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் கத்தினாள்.

"எந்தப் பாறையப் பாத்தா பயமா இருக்கு?"

"இடது பக்கம் இருக்கறது!"

"அதுக்கு நேரா படகு மூக்கத் திருப்பு. திருப்பிட்டுப் பின்னால இழு, விலகிரும்."

"மோதிரும்!"

"இழு ராய்ஸ்!"

இழுத்தான். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மாடு கத்துவது போல. பாறை ஒரு சாண் தள்ளி வழுக்கிப் போனது. கீழே தண்ணீர் அகன்று அடங்கியது. நரம்பு தொய்ந்து கிடந்தது. போயிற்று என்று நினைத்துக்கொண்டே வேகமாகச் சுற்றினாள். சுற்றச் சுற்றப் பாரம் திரும்பி வந்தது.

இருபது நிமிஷம். மீன் பக்கவாட்டில் சாய்ந்து படகை ஒட்டி வந்தது. வயிற்றோரம் வெளிர்ச் சிவப்பு ஓடிய, கையளவுக்கு மேல் அகன்ற பெண் மீன். வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் குட்டிச் செட்டை முழுசாக இருந்தது. பண்ணையில் பொரித்து ஆற்றில் விட்ட மீன் என்றால் அடையாளத்துக்கு அந்தச் செட்டையை வெட்டியிருப்பார்கள், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இது ஆற்றில் தானாகப் பிறந்த காட்டு மீன். சட்டப்படி விட்டுவிட வேண்டியதுதான்.

"தூக்கு, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றான் ராய்ஸ்.

"தண்ணிய விட்டுத் தூக்க மாட்டேன்."

"படம் இல்லன்னா அப்பா நம்ப மாட்டாரு கோரி."

"நம்பாமப் போகட்டும்."

முள்ளைக் கழற்றினாள். வால் பிடியிலிருந்து நழுவும்வரை தண்ணீரிலேயே பிடித்திருந்தாள். அது அவள் முகத்தில் தண்ணீரடித்துவிட்டுப் போனது.

ராய்ஸ் துடுப்புகளை உள்ளே இழுத்து வைத்துவிட்டு எழுந்தான். கையை நீட்டினான்.

"மீன் வந்தாச்சு. இப்ப என் முறை."

"ஏத்துற எடம் வரைக்கும்னு சொன்னேன்."

"ஒண்ணே ஒண்ணு போதும்னு நீதானே கேட்ட? கெடச்சிருச்சில்ல?"

உண்மைதான். போதும் என்றுதான் சற்று முன்புவரை அவளும் நம்பியிருந்தாள். ஈர விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நீ எத்தன மீனோட நிறுத்தின?"

படகு தானாகச் சுழன்று குறுக்காகத் திரும்பிக்கொண்டிருந்தது. யாராவது பிடித்தாக வேண்டும். அவள் முள்ளில் இரைக்குப் புது மீன்முட்டையைக் கோத்தாள். அவன் உட்கார்ந்து துடுப்புகளை மறுபடி தண்ணீரில் போட்டான்.

"எந்தப் பக்கம்?" என்றான்.

"வலது கரையோரமா. மெதுவா" என்று சொல்லிவிட்டு வீசினாள்.