ஓரேலின் கை நின்ற இடம்

1.

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் வந்து யாரும் கேட்க வேண்டாம். டொராண்டோவுக்கு வடக்கே இருக்கும் சுரங்க ஊரான சட்பரியில், எங்கள் ஐஸ் ஹாக்கி அரங்கின் முகப்புக் கூடத்தில், டிக்கெட் பார்க்கும் வாசலுக்கும் பாப்கார்ன் கடைக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சுவர் காலியாகக் கிடந்தது. அதில் எங்கள் ஊர் ராக் குழுவின் மைல்கற்களைப் பொறிக்க வேண்டும், எழுதிக் கொடு என்றார்கள். எங்கே முதல் கச்சேரி, எப்போது முதல் ஆல்பம், எந்த ஆண்டு ஐரோப்பா. ஆங்கிலத்தில் ஒரு பத்தி, பிரெஞ்சில் ஒரு பத்தி. படிக்கிறவன் கையில் சூடான காப்பியோடு நிற்பான், நீட்டி முழக்காதே என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

என்னிடம் ஏன் கேட்டார்கள் என்றால், அந்தக் குழுவோடு ஆரம்பத்திலிருந்து வேனில் சுற்றியவன் நான். பாடவோ வாசிக்கவோ இல்லை. கச்சேரி நடக்கும் இடத்தில் வாசல் ஓரம் மேசை போட்டு அவர்களுடைய டீ-ஷர்ட்டுகளை விற்பவன். என் பெயரைச் சொல்லி அவர்கள் கூப்பிட்டு ஒரு யுகம் ஆகிறது. 'ஷர்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சுவருக்கு வேண்டியதை எழுதினேன். ஒரு வரி மட்டும் நிற்க மாட்டேன் என்றது. அந்த வரியால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். குழுவில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. எழுதும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க ஆளில்லாத மொழி எனக்கு இது ஒன்றுதான்.

2.

முதல் தொடக்கம்: "1994 ஜூனில், ஐஸ் உருகிப்போன ஒரு கர்லிங் கிளப்பில், வரலாறு படைக்க மூன்று இளைஞர்கள்..."

[கர்லிங் என்றால் ஐஸ்மேல் கல்லைத் தள்ளி ஆடும் ஆட்டம்; கோடையில் கிளப் காலியாகக் கிடக்கும். வரலாறு படைக்க வந்தவன் எவனும் சட்டைப் பையில் காகிதம் சுற்றிய ஊறுகாய் முட்டையோடு வரமாட்டான். ஓரேல் அப்படித்தான் வந்தான். அடித்துவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்: "உப்பு லாரிகள் என்ற..."

[குழுவின் பெயர் சால்ட் டிரக்ஸ். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவிப் போகும் லாரிகள் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பிழைப்பு நடக்காது, அதனால் வைத்த பெயர். தமிழாக்கினால் தூத்துக்குடி போக்குவரத்துச் செய்தி மாதிரி இருக்கிறது. வேண்டாம்.]

மூன்றாவது தொடக்கம்: "ஓரேல் கான்யே டிரம்ஸ் வாசிப்பான்."

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

3.

ஓரேல் கான்யே டிரம்ஸ் வாசிப்பான். பாட்டு எழுதமாட்டான், மெட்டுப் போடமாட்டான், பேட்டி கொடுக்கமாட்டான். எழுதுவதும் பாடுவதும் பேசுவதும் லோர்ன். அவன் ஒட்டாவாக்காரன், கல்லூரிக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டான். பேஸ் கிட்டார் ரீத்தா லெஹ்தினென். பின்லாந்திலிருந்து சுரங்கத்துக்கு வந்த குடும்பம். அவள் இரண்டு பேரையும் அடக்கி வைப்பாள். ஓரேலின் அப்பா லூசியனும் நிக்கல் சுரங்கத்தில்தான் இருந்தார். ஓரேலே இரண்டு வருடம் கீழே இறங்கிவிட்டுப் பிறகு குச்சியைப் பிடித்தவன்.

ஆல்பத்தின் அட்டையில் எல்லாப் பாட்டுக்கும் கீழே லோர்ன் பெயர், சிலவற்றில் ரீத்தா பெயர். ஓரேல் பெயர் எதிலும் இல்லை. அவன் அதைப் பற்றி வருத்தப்பட்டானா என்று எனக்குத் தெரியாது. [கதாசிரியனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். ஆயிரக்கணக்கான மைல் பக்கத்தில் உட்கார்ந்து வேனில் போயிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.]

மைல்கற்களை இங்கே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இவை சுவரில் சரியாகவே இருக்கின்றன. முதல் கச்சேரி முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தில், மீன் வறுவல் விருந்துக்கு நடுவில். முதல் நீண்ட பயணத்தில் வாவா ஊருக்குப் பக்கத்தில் வேன் ஒரு மூஸ் மானை இடித்தது. கண்ணாடி இல்லாத வேனில் கம்பளி போர்த்திக்கொண்டு போய் அன்றைக்கே வாசித்தார்கள். வின்னிபெக்கில் பனிப்புயல், வந்த கூட்டம் வெளியே போக முடியவில்லை, மொத்தக் கச்சேரியையும் இரண்டாம் முறை வாசித்தார்கள், இரண்டாவதுதான் நன்றாக இருந்தது. டொராண்டோவின் பெரிய மன்றத்தில் டிக்கெட் காலையிலேயே தீர்ந்தது. ஹாம்பர்க்கில் ஜெர்மன்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். நான் மேசைக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெருமைதான், வேறென்ன.

4.

இப்போது அந்த நிற்காத வரி.

முதல் ஆல்பத்தில் 'ஜூன் பனி' என்று ஒரு பாட்டு. மெதுவான பாட்டு. மூன்றாவது சரணம் முடிந்ததும் டிரம்ஸ் திடீரென்று நிற்கும். நாலு தட்டு நேரம் ஒன்றுமில்லை. லோர்னின் குரல் மட்டும் ஒரு வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பிறகு ஓரேல் உள்ளே வருவான், அரங்கம் எழுந்துவிடும்.

அந்த நாலு தட்டால்தான் இந்தக் குழு உலகம் சுற்றியது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த இடம் வந்ததும் லோர்ன் இரண்டு கையையும் தூக்குவான், கூட்டம் நாலு முறை கைதட்டும். பேட்டிகளில் கேட்பார்கள். மௌனத்தையும் ஒரு வாத்தியமாக வைக்கலாம் என்று திட்டமிட்டுச் செய்தோம் என்பான் லோர்ன். முப்பது வருடமாகச் சொல்கிறான்.

திட்டமும் இல்லை, மண்ணும் இல்லை. ஓரேல் கை நின்றுபோனது. டேப் சுருளில் அதுவே கடைசி, இன்னொரு முறை வாசிக்க இடமில்லை. அப்படியே விட்டார்கள். இது குழுவுக்குள் எல்லோருக்கும் தெரியும். லோர்ன் பொய் சொன்னது ஓரேலைக் காப்பாற்ற. ஆல்பம் வந்த புதிதில் டிரம்ஸ்காரன் தப்பு விட்டான் என்று எவனாவது எழுதிவிடக்கூடாதே என்று. நல்ல மனசுதான்.

சுவருக்கு நானும் அப்படியே எழுதினேன்: "1994: மௌனத்தை இசையாக்கிய துணிச்சல்."

5.

ஆல்பத்தின் முப்பதாவது ஆண்டுக் கச்சேரி, சொந்த ஊரில். அன்று மதியம் ஒலி சரிபார்த்தார்கள். ஹாக்கி ஐஸின் மேல் பலகை பரப்பி மேடை போட்டிருந்தது, கால் ஜில்லிட்டுக்கொண்டே இருந்தது. எழுத்து ஒட்டுகிறவர்கள் மறுநாள் வருவதாக ஏற்பாடு. நான் காகிதத்தை நீட்டினேன். ரீத்தா வாய்விட்டுப் படித்தாள். அந்த வரி வந்ததும் ஓரேல் ஸ்டூலிலிருந்து தலையைத் தூக்கினான்.

"துணிச்சலா? யாரோட துணிச்சல்?"

"நம்மளோடதுதான்," என்றான் லோர்ன். "நல்லாத்தான எழுதியிருக்கான்."

"கை நின்னு போச்சுடா. அதுக்குப் பேரு துணிச்சலா?"

"டேய், முப்பது வருஷமா உன்னக் காப்பாத்திட்டு வரேன். இப்ப சுவத்துல போயி தப்பு விட்டான்னு எழுதச் சொல்றியா?"

"யாரு காப்பாத்தச் சொன்னா உன்ன?"

லோர்ன் என்னைப் பார்த்தான். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"தப்பே விடல நான்," என்றான் ஓரேல். "வெடி வந்துச்சு. எண்ணினேன்."

6.

[இங்கே கதையை நிறுத்தி ஒன்றை விளக்க வேண்டும். ஓரேல் விளக்கமாட்டான். அவன் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசினால் ரீத்தா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.]

எங்கள் ஊருக்கு அடியில் பாறையை உடைக்கிறார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கீழே வெடி வைப்பார்கள், மேலே தட்டும் டம்ளரும் ஆடும். வெடி வைத்த ஆட்கள் எண்ணுவார்கள். எத்தனை வைத்தோமோ அத்தனை கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் வெடிக்காத மருந்து பாறைக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஷிப்டில் எவனோ அதில் துளையிடப் போகிறான்.

லூசியன் விடுமுறை நாளிலும் எண்ணுவார். பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள், தரை உறுமும், கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அவர் வைத்தால் வீடே வைக்கும். குழந்தைகள் மென்றுகொண்டிருந்தால் மெல்லுவதை நிறுத்தும். எண்ணி முடித்துத் தலையசைத்தால்தான் மறுபடி சூப்பு. ஓரேல் அந்த மேசையில் வளர்ந்தவன்.

ஆல்பத்தைப் பதிவு செய்த கர்லிங் கிளப்பின் சிமெண்டுத் தரையில் அன்று அந்த உறுமல் அவன் ஸ்டூலின் கால் வழியாக ஏறியது. கை தானாக நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு வாசித்தான். லோர்ன் காதில் ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மைக்கிலும் விழவில்லை.

7.

நாலு வெடியும் தாளத்துக்குள் கச்சிதமாக விழுமா, கதைக்காக வளைக்கிறாயா என்று நீங்கள் கேட்பீர்கள். நானே கேட்டேன்.

"விழல," என்றாள் ரீத்தா. "நாலாவது கொஞ்சம் லேட்டு. அதனாலதான் அந்த இடம் இழுக்குது. மத்தவன் எவன் வாசிச்சாலும் அங்க சீக்கிரம் வந்துருவான்."

"உனக்கும் தெரியுமா அப்ப?" என்றான் லோர்ன்.

"என் கையும் ஸ்ட்ரிங் மேல நின்னு போச்சு, எங்கப்பாவும் சுரங்கத்துலதான இருந்தாரு. நானும் எண்ணினேன்."

"ஏன் சொல்லல?"

"நீ எங்க விட்ட? பாட்டு முடிஞ்சதும் சூப்பர் சூப்பர்னு குதிச்ச. ஆல்பம் வந்ததும் பேப்பர்காரன்கிட்ட மௌனம் அது இதுன்னு ஆரம்பிச்சிட்ட."

[ரீத்தாவை வைத்திருப்பதா எடுப்பதா என்று இரண்டு நாள் குழம்பினேன். கதைக்கு வேண்டியபோதெல்லாம் வேண்டியதைச் சொல்கிறாள், அது எழுத்தாளனின் சௌகரியம் போலத் தெரியும். ஆனால் அவள் அப்படித்தான். எடுத்தால் என் மேசையைக் கவிழ்ப்பாள்.]

8.

லோர்ன் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்தான். ஒரு விஷயம் அவனை முப்பது வருடமாக அரித்துக்கொண்டிருந்தது, வேனில் எல்லோருக்கும் தெரியும். உலகம் முழுக்கக் கைதட்டும் இடத்தில், சட்பரியில் மட்டும் எவரும் தட்டுவதில்லை. கையைத் தூக்கிக்கொண்டு அசடு மாதிரி நிற்பான். முன்வரிசைகள் ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நம்ம ஊருக்கு மட்டும் ரசனையே இல்லை என்று திரும்பும் வழியெல்லாம் புலம்புவான்.

"உங்கப்பா," என்றான் மெதுவாக. "முதல் வருஷம் முன்னாடி உட்கார்ந்திருந்தாரே. அவருக்கு நம்ம பாட்டே பிடிக்கலன்னுல்ல நெனச்சேன்."

"அவரு உதடு அசஞ்சுச்சு," என்றான் ஓரேல். "நான் பாத்தேன். எண்ணி முடிச்சுத் தலைய ஆட்டினாரு. அப்பறந்தான் நான் உள்ள வந்தேன்."

"எங்கப்பாவும்," என்றாள் ரீத்தா. "அந்த வரிசை மொத்தமும்."

லோர்ன் கண் கலங்கியது. அதை மறைக்க அவனுக்குத் தெரியாது, பாடகன்.

"ஏண்டா, என் சரக்குன்னு சொல்லிச் சொல்லி உலகமெல்லாம் வித்தேன். உன்னோடதாடா அது?"

"எங்கப்பாவோடது," என்றான் ஓரேல். "இந்த ஊர்ல ஒரு சுவரு இருக்கு, அதுல தப்பாப் போடக்கூடாது. அவ்வளவுதான். அட்டையில பேரெல்லாம் நான் கேட்டதே இல்ல."

லோர்ன் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினான். துணிச்சல் வரியை அடித்தான். பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டான்.

9.

சுவரில் இப்போது இருப்பது: "1994: 'ஜூன் பனி' பதிவு. நடுவில் ஓரேல் கான்யே எண்ணுகிறார்." கச்சேரிக்கு மறுநாள் லோர்ன் எழுதிக் கொடுத்த வரி. எங்கள் குழுவின் மிகச் சிறந்த வரி அதுதான் என்பேன். வெளியூர்க்காரர்கள் காப்பியோடு நின்று புரியாமல் போகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் நின்று, கொஞ்சம் சும்மா இருந்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் கச்சேரியின் முடிவு? எழுதிப் பார்த்தவற்றைக் காட்டுகிறேன்.

(அ) லோர்ன் மைக்கில் எல்லாவற்றையும் சொல்கிறான், அரங்கமே அழுகிறது. [ஓரேல் குச்சியை அவன் தலைமேல் எறிந்திருப்பான்.]

(ஆ) ஓரேல் அந்த இடத்தை நிரப்பி வாசித்துவிடுகிறான், இனி எண்ண வேண்டியதில்லை என்று. [இந்த முடிவு ஒரு புத்திசாலி எழுதுவது. எனக்குக் கை வரவில்லை.]

(இ) நடந்தது. நடந்ததை முக்கால்வாசிதான் சொல்லப்போகிறேன்.

அன்று முதல் முறையாக மேசையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் நின்றேன். ஷர்ட்டு வேண்டியவன் எடுத்துக்கொண்டு போகட்டும். மூன்றாவது சரணம் முடிந்தது. லோர்ன் கையைத் தூக்கவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஓரேலைப் பார்த்து நின்றான். இழுத்துப் பிடிக்கும் அந்த வார்த்தையைக்கூடப் பாடாமல் விட்டுவிட்டான். ரீத்தாவின் விரல்கள் ஸ்ட்ரிங்கின்மேல் படிந்து கிடந்தன. ஐயாயிரம் பேர், பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட இல்லை. முதல் வருஷம் லூசியன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் யாரோ ஒரு பெண்மணி, பச்சைக் குல்லாய், உதடு அசைகிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற காவலாளியின் உதடும் அசைகிறது. நான் பிறந்த ஊரில் நிக்கலும் இல்லை, வெடியும் இல்லை. என் உதடும் அசைகிறது.

ஓரேல் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் அவன் வாசிப்பான், ஒன்று குறைந்தாலும் வாசிக்கமாட்டான். நான் என் பங்கை எண்ணிவிடுகிறேன். மிச்சம் உங்களிடம். அவசரப்படாதீர்கள், அது கொஞ்சம் லேட்டாகத்தான் வரும்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.