பூவாடை அழைத்த வெள்ளிக்கிழமை

எனக்கு அம்சாவைக் கட்டிக்கொள்ள ஆசை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவள் என் மனைவி ரத்தினம்மாளின் தங்கை. ரத்தினம் பிரசவத்தில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

1958. கே.ஜி.கண்டிகையில் மாமனார் கஜபதி வீட்டுப் பின்கட்டு அறையில்தான் என் ரேடியோப் பெட்டி இருந்தது. சூரியனில் வெடிப்பு நேர்ந்தால் அது ரேடியோ அலையாக வந்து பெட்டியில் இரையும். பேனா முள் தாளில் கிறுக்கும். நேரத்தைக் குறித்துச் சென்னைக்கு அனுப்புவது என் உத்தியோகம். திருத்தணி வட்டாரத்திலேயே இந்த வேலைக்கு நான் ஒருவன்தான் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் பூவாடை அழைப்பார்கள். சுமங்கலியாய்ச் செத்தவளைக் கிணற்றடியிலிருந்து கலசத்தில் வரவழைத்து, புதுப்புடவை படைத்து, உத்தரவு கேட்பது. வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் மாமனார் கலசத்தின் முன் உட்கார்ந்தார்.

"ரத்னம்மா, உன் தங்கச்சிய உன் வூட்டுக்காரருக்கே குடுக்கலாம்னு கீறோம். சம்மதமாம்மா?"

பின்கட்டில் பெட்டி இரைந்தது. ஓட்டின்மேல் பெருமழை அடிப்பதுபோல் நான்கு நிமிஷம் விடாமல் இரைந்தது.

"கோவமா கீறா. கல்யாணம் வேணாம் மாப்ளே," என்றார் மாமனார். அம்சா அழுதாள்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "அது சூரியன் மாமா. மத்த ஊரு பெட்டியிலயும் இதே நேரத்துக்கு வந்திருக்கும். சென்னைக்கு எழுதிக் கேக்கறேன். ஆமான்னு பதில் வந்தா கல்யாணம் வெச்சிக்கலாம்."

"ஆங், வரட்டும்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பதினேழாம் நாள் கடிதம் வந்தது. இங்கிலீஷ், வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை மற்ற எந்த நிலையத்திலும் எதுவும் பதிவாகவில்லை, சூரியன் அமைதியாக இருந்தது, கருவியைச் சோதிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். கருவியை நான் ஏற்கெனவே இரண்டு தடவை பிரித்துப் பார்த்தாயிற்று. அதில் ஒரு கோளாறும் இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. ரத்தினம் பொறாமைக்காரி. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாலே இரண்டு நாள் பேசமாட்டாள்.

"இன்னா எழுதிக்கீறாங்க?" என்றார் மாமனார்.

"எல்லா ஊர்லயும் வந்துதாம் மாமா. சூரியன்தான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாள் பார்க்கக் கிளம்பினார். அம்சா மட்டும் நின்றாள். இந்தப் பதினேழு நாளில் பாதியாக இளைத்திருந்தாள்.

"அப்போ அக்காக்கு என்மேல கோவம் இல்லியே பாவா?"

பின்கட்டுப் பக்கம் நான் திரும்பவில்லை.

"உன்மேல இல்ல," என்றேன்.